ஏப்ரல் மாத வாடகை: கிளிஃப்டன் டெரஸ் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் வடமேற்குப் பகுதியில், மூன்று கட்டடங்கள் கொண்ட கிளிஃப்டன் டெரஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பு இருந்தது. அதன் உரிமையாளரான ஃபர்ஸ்ட் நேஷனல் ரியால்டி நிறுவனம், அந்த மாத வாடகையைக் கட்டாத வாடகைதாரர்கள் சிலர்மீது 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதி தனித்தனியாக வழக்குத் தொடுத்து, வீடுகளைத் தன்னிடம் ஒப்படைக்க உத்தரவிடுமாறு கேட்டது. வாடகை பாக்கிக்காக வெளியேற்றக் கோரும் வழக்குகள் நாள்தோறும் நடப்பவை. அவற்றில் பல சில நிமிடங்களில் முடிந்து, யாருடைய நினைவிலும் நிற்காமல் போகின்றன. இந்த வழக்கு அப்படிப் போகவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து மேல்முறையீட்டில் வந்த தீர்ப்பு, வீட்டு வாடகை எதற்காகக் கொடுக்கப்படும் பணம் என்ற கேள்விக்கே புதிய விடை சொன்னது. வாடகைதாரர்களில் ஒருவரின் பெயரால் சட்ட ஏடுகளில் ஜாவின்ஸ் வழக்கு என்று வழங்கும் இதை, வாடகைதாரர் உரிமைகளைப் பற்றிப் பேச முனையும் எவரும் ஒரு முறையேனும் முழுமையாகப் படித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒப்புக்கொண்ட பாக்கி, கேட்க மறுத்த சாட்சியம்

வழக்கு விசாரணைக்கு வந்தபோது வாடகைதாரர்கள் ஏப்ரல் மாத வாடகையைக் கட்டவில்லை என்பதை மறுக்கவே இல்லை. அவர்கள் சொன்னது வேறு. தாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் நகரின் வீட்டுவசதி விதிகளை மீறிய குறைகள் ஏறத்தாழ 1500 இருக்கின்றன, அவற்றில் சில தங்கள் வீட்டையே நேரடியாகப் பாதிக்கின்றன, மற்றவை பொது இடங்களிலும் கட்டட அமைப்பிலும் இருந்து மறைமுகமாகப் பாதிக்கின்றன, எனவே அந்தப் பாதிப்பின் மதிப்பை வாடகையில் ஈடுசெய்ய வேண்டும் என்பதே அவர்களின் எதிர்வாதம். அதை நிரூபிக்கச் சாட்சியம் கொடுக்கவும் அவர்கள் ஆயத்தமாக இருந்தார்கள்.

விசாரணை நீதிமன்றம் அந்தச் சாட்சியத்தைக் கேட்க மறுத்துவிட்டது. குறைகள் உண்மையா, பொய்யா என்று ஆராய்ந்து முடிவுக்கு வந்து மறுக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். குறைகள் அத்தனையும் உண்மையாகவே இருந்தாலும் அவற்றுக்கும் வாடகைக்கும் தொடர்பில்லை என்பதுதான் அதன் நிலைப்பாடு. வாடகை கட்டப்பட்டதா இல்லையா என்ற ஒரே கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதால் உரிமையாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அடுத்த படியில் இருந்த, வாஷிங்டன் நகருக்கான கொலம்பியா மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும், கட்டடத்தை விதிகளின்படி பராமரிக்க வேண்டிய ஒப்பந்தக் கடமை உரிமையாளருக்கு இல்லை என்று கூறி அதை உறுதி செய்தது.

இன்று படிக்கும்போது இது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் அந்த நீதிபதிகள் சட்டத்தைத் திரிக்கவில்லை. அன்றைக்கு இருந்த சட்டத்தை அப்படியே பின்பற்றினார்கள். கோளாறு சட்டத்தின் அடித்தளத்திலேயே இருந்தது.

நிலம் விற்ற காலத்துச் சட்டம்

நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில் குத்தகை என்பது, குறிப்பிட்ட காலத்துக்கு நிலத்தின்மீதான உரிமையைக் கைமாற்றும் செயலாகவே கருதப்பட்டது. உரிமை கைமாறிய அந்த நொடியிலேயே உரிமையாளரின் வேலை முடிந்துவிடும். அதன் பிறகு குத்தகைதாரரை அவர் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும். இந்த மரபு எவ்வளவு கடுமையானது என்பதற்கு 1647ஆம் ஆண்டின் பாரடைன் எதிர் ஜேன் வழக்கு சான்று. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் இளவரசர் ரூபர்ட்டின் படை வந்து குத்தகைதாரரை நிலத்திலிருந்து விரட்டிவிட்டது. விளைச்சல் ஒன்றும் கைக்கு வராத அந்தக் காலத்துக்கும் அவர் குத்தகைப் பணத்தைக் கட்டியே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உழவை மையமாகக் கொண்ட சமூகத்தில் இந்த விதிக்கு ஒரு நியாயம் இருந்தது. குத்தகைக்கு எடுத்தவருக்கு வேண்டியது விளைநிலம். அதன்மேல் நின்ற வீடு இரண்டாம் பட்சம். கூரை ஒழுகினால் ஓலையோ ஓடோ மாற்றும் கைத்திறன் அவருக்கே இருந்தது. மாடிக் கட்டடத்தின் நான்காம் தளத்தில் ஒரு வீட்டை மாத வாடகைக்கு எடுத்தவரின் நிலைமை அதற்கு நேர் எதிரானது. நிலம் அவருக்குப் பயன்படாது. கொதிகலன், கழிவுநீர்க் குழாய், மின் இணைப்பு, மாடிப்படி ஆகியவை அவர் கைக்கு எட்டாத இடங்களில், உரிமையாளரின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. பழுது பார்க்கும் திறமையோ, பணமோ, சட்டப்படியான அனுமதியோ அவருக்கு இல்லை. ஆனாலும் ரூபர்ட் இளவரசரின் காலத்து விதி அவர்மீதும் பாய்ந்தது.

இந்த விதியில் விரிசல்கள் முன்பே இருந்தன. 1843ஆம் ஆண்டின் ஸ்மித் எதிர் மாரபிள் வழக்கில், இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரை நகரில் ஐந்து வாரங்களுக்கு, வாரம் எட்டு கினி வாடகையில், கட்டில், மேசை போன்ற தளவாடங்களோடு ஒரு வீட்டை எடுத்த குடும்பம், உள்ளே மூட்டைப்பூச்சிகள் மொய்த்ததால் வெளியேறியது. மீதி வாடகையைக் கட்ட வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். உடனடியாகக் குடியேறிக் குறுகிய காலம் தங்குவதற்கென்று கொடுக்கப்படும் வீடு அதற்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. பின்னால் வந்த தீர்ப்புகள் இந்தச் சலுகையைத் தளவாடங்களோடு கூடிய வீடுகளுக்கு மட்டும் என்று குறுக்கிவிட்டன. விடுமுறைக்கு வாரக் கணக்கில் வீடு எடுக்க முடிந்தவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, வேறு போக்கிடமில்லாமல் ஆண்டுக் கணக்கில் ஓர் ஒழுகும் வீட்டில் இருப்பவருக்குக் கிடைக்கவில்லை.

வாஷிங்டனில் உருவான களம்

1950களின் நடுப்பகுதியில் வாஷிங்டன் நகரம் விரிவான வீட்டுவசதி விதிகளைக் கொண்டுவந்தது. தூய்மையாகவும் பாதுகாப்பாகவும் சுகாதாரமாகவும், எலி, பூச்சித் தொல்லை இல்லாமலும், பழுது நீக்கப்பட்டும் இருந்தாலன்றி எந்தக் குடியிருப்பையும் வாடகைக்கு விடக் கூடாது என்று அவை தெளிவாகக் கூறின. விதியை மீறும் உரிமையாளர்மீது நடவடிக்கை எடுக்கும் பொறுப்பு நகர நிர்வாகத்திடம் இருந்தது. அதாவது, விதி மீறப்பட்டால் அது உரிமையாளருக்கும் அரசுக்கும் இடையிலான விவகாரம். அந்த வீட்டில் எலிகளோடு வாழ்பவர் அந்த விவகாரத்தில் வெறும் புகார்தாரர்.

இரண்டு தீர்ப்புகள் இந்த நிலையை அசைத்தன. இரண்டும் 1968ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. பிரவுன் எதிர் சவுத்தால் ரியால்டி வழக்கில், வீட்டை வாடகைக்கு விடும்போதே அடைபட்ட கழிப்பறை, உடைந்த கைப்பிடிக் கம்பி, போதிய உயரமில்லாத அடித்தள அறை ஆகிய குறைகள் இருந்ததும், அவை உரிமையாளருக்குத் தெரிந்தே இருந்ததும் நிரூபணமாயின. விதிக்கு மாறாகச் செய்யப்பட்ட அந்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றது நீதிமன்றம். எட்வர்ட்ஸ் எதிர் ஹபீப் வழக்கில், மாத வாடகைக்கு இருந்த ஒருவர் சுகாதார விதிமீறல்களைப் பற்றி நகர அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார். ஆய்வில் 40க்கும் மேற்பட்ட மீறல்கள் தெரியவந்தன. உரிமையாளர் உடனே 30 நாள் நோட்டீஸ் கொடுத்து அவரை வெளியேறச் சொன்னார். காரணம் எதுவும் சொல்லாமலே வெளியேற்றும் உரிமை இருந்தாலும், புகார் கொடுத்ததற்குப் பழிவாங்கும் நோக்கத்தோடு அந்த உரிமையைப் பயன்படுத்த முடியாது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புகார் கொடுப்பவரை வெளியேற்றலாம் என்றால், புகார்களை நம்பி அமைந்த விதிகள் முழுவதும் பயனற்றுப் போகும் என்பது அதன் காரணம்.

இவ்விரண்டும் கிளிஃப்டன் டெரஸ் வாடகைதாரர்களுக்குப் போதவில்லை. பிரவுன் தீர்ப்பு, ஒப்பந்தம் செய்யும்போதே இருந்த குறைகளுக்கு மட்டும் பொருந்துவது. தாங்கள் நிரூபிக்க முன்வந்த குறைகள் குடியேறிய பிறகு ஏற்பட்டவையே என்பதைக் கிளிஃப்டன் டெரஸ் வாடகைதாரர்கள் விசாரணையிலேயே ஒப்புக்கொண்டிருந்தார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒப்பந்தமே செல்லாது என்றால் வாடகை கேட்க முடியாமல் போகலாம். ஆனால் அந்த வீட்டில் தொடர்ந்து இருப்பதற்கு வாடகைதாரர் சுட்டிக்காட்டக்கூடிய ஒப்பந்தமும் இல்லாமல் போகிறது. அவருக்கு வேண்டியது செல்லாத ஒப்பந்தம் அன்று. உரிமையாளரையும் கட்டுப்படுத்தும் செல்லுபடியான ஒப்பந்தம்.

1970 மே 7: தீர்ப்பு

முன்பு தீர்ப்பை உறுதி செய்த நீதிமன்றத்துக்கும் மேலே இருந்த, கொலம்பியா மாவட்டச் சரகக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் சார்பில் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜே. ஸ்கெல்லி ரைட். எட்வர்ட்ஸ் வழக்கின் தீர்ப்பும் அவர் எழுதியதுதான். அதற்கு முன்பு நியூ ஆர்லியன்ஸ் நகரில் மாவட்ட நீதிபதியாக இருந்தபோது, பள்ளிகளில் நிறப்பாகுபாட்டை நீக்க உத்தரவிட்டு, அதற்காகக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தவர்.

அவரது வாதத்தின் மையம் எளிமையானது. நகரத்தில் வீடு தேடுபவர் வெறும் சுவரையும் கூரையையும் தேடுவதில்லை. போதிய வெப்பம், வெளிச்சம், காற்றோட்டம், ஒழுங்காக இயங்கும் குழாய்கள், பாதுகாப்பான கதவு சன்னல், சுகாதாரம், பராமரிப்பு ஆகிய அனைத்தும் அடங்கிய ஒரு தொகுப்பையே அவர் விலை கொடுத்து வாங்குகிறார். பொருள்களை விற்கும் வணிகத்தில், வாங்கியவரின் நியாயமான எதிர்பார்ப்பைச் சட்டம் உட்கிடையான உத்தரவாதமாக, அதாவது எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கிய உறுதிமொழியாக, ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டது. வீட்டு வாடகைக்கு மட்டும் அது ஏன் மறுக்கப்பட வேண்டும்? வீட்டுப் பற்றாக்குறை, உரிமையாளர்கள் நீட்டும் அச்சடித்த ஒப்பந்தப் படிவங்கள், இனத்தாலும் வர்க்கத்தாலும் சுருக்கப்பட்ட தெரிவு ஆகியவற்றால் வாடகைதாரருக்குப் பேரம் பேசும் வலிமை இல்லை என்பதையும் தீர்ப்பு வெளிப்படையாகச் சொன்னது.

முடிவு இது: நகரின் வீட்டுவசதி விதிகளுக்கு உட்பட்ட ஒவ்வொரு குடியிருப்பின் வாடகை ஒப்பந்தத்திலும், அந்த விதிகளையே அளவுகோலாகக் கொண்டு, வசிக்கத் தகுந்த நிலையில் வீட்டைக் குடியிருப்புக் காலம் முழுவதும் வைத்திருப்பேன் என்ற உத்தரவாதம் சட்டத்தாலேயே அடங்கியிருக்கிறது. அதை மீறினால், ஒப்பந்த மீறலுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பரிகாரங்கள் அனைத்தும் வாடகைதாரருக்குக் கிடைக்கும். வாடகை கட்டும் கடமை, வீட்டைப் பராமரிக்கும் கடமையைச் சார்ந்தது. பராமரிப்புப் பொறுப்பை வாடகைதாரர் தலையில் கட்டும் தனி ஒப்பந்தம் எழுதி இந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது. ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்த்தே கைகழுவிவிட முடியுமானால், பேரம் பேச முடியாதவருக்காகவே உருவான பாதுகாப்பு முதல் நாளிலேயே செத்துப்போயிருக்கும்.

வழக்கு மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பப்பட்டபோது, பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் ஜூரி குழு விடை காண வேண்டிய கேள்விகள் இரண்டு என்று தீர்ப்பு வகுத்தது. வாடகை பாக்கியாக இருந்த காலத்தில் சொல்லப்பட்ட குறைகள் இருந்தனவா? இருந்தன என்றால், அதனால் வாடகையில் எவ்வளவு பகுதியைக் கட்ட வேண்டியதில்லை? முழு வாடகையும் கட்ட வேண்டியதே என்று ஜூரி கண்டால் உரிமையாளர் வீட்டைத் திரும்பப் பெறலாம். எதுவுமே கட்ட வேண்டியதில்லை என்றால் வெளியேற்றக் கோரிக்கை தோற்கும். ஒரு பகுதி மட்டும் கட்ட வேண்டும் என்றால், அந்தப் பகுதியைக் கட்ட முன்வரும் வாடகைதாரரை வெளியேற்ற முடியாது. வாழ்க்கைக்கு இடையூறு செய்யாத ஓரிரு அற்பக் குறைகளுக்காக வாடகை குறையாது என்பதையும் தீர்ப்பு குறித்தது. எதிர்த்தரப்பு இன்னும் மேலே முறையிட்டபோது, உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்கவில்லை.

இந்த நடைமுறைப் பகுதியைப் பலர் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். என் பார்வையில் தீர்ப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வெளியேற்ற வழக்கு நடக்கும் அதே அறையில், அதே நாளில், வீட்டின் நிலையைப் பற்றிப் பேசும் உரிமை கிடைத்தது. இழப்பீடு கேட்டு வேறொரு நீதிமன்றத்தில், வேறொரு காலத்தில் வழக்குப் போட்டுக்கொள் என்று சொல்லும் சட்டம், சாமான்களைத் தெருவில் எடுத்து வைத்த பிறகு நீதி பேசும் சட்டம்.

உரிமை கேட்பவர் செய்ய வேண்டியவை

இந்த உத்தரவாதம், பிடிக்காத வீட்டுக்கு வாடகை கட்டாமல் இருக்கக் கொடுத்த அனுமதிச் சீட்டு அன்று. வாடகைதாரரோ அவர் வீட்டாரோ உண்டாக்கிய சேதத்துக்கு உரிமையாளர் பொறுப்பில்லை. குறையை உரிமையாளருக்குத் தெரிவித்திருக்க வேண்டும், அதைச் சரிசெய்ய நியாயமான அவகாசம் கொடுத்திருக்க வேண்டும் என்பதைப் பின்னர் வந்த தீர்ப்புகளும் சட்டங்களும் பெரும்பாலும் நிபந்தனையாக வைத்தன. எனவே வாய்மொழியாகப் பத்து முறை சொன்னதைவிட, தேதியிட்டு எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொண்ட ஒரு கடிதம் நீதிமன்றத்தில் வலிமையானது. நகர ஆய்வாளரின் அறிக்கை கையில் இருந்தால் இன்னும் வலிமை.

வாடகையை நிறுத்தி வைப்பது வேறு, செலவழித்துவிடுவது வேறு. வழக்கு முடியும்வரை வாடகையை நீதிமன்றத்தில் கட்டிவரும்படி உத்தரவிடலாம் என்பதற்கு இந்தத் தீர்ப்பே இடம் வைத்திருக்கிறது. ஒதுக்கி வைத்த பணம் வாடகைதாரரின் நேர்மைக்குச் சான்று. இறுதியில் ஒரு பகுதி கட்ட வேண்டியிருந்தால் அதுவே வீட்டைக் காப்பாற்றும். அந்தப் பணம் இல்லாமல், குறைகளை மட்டும் நிரூபித்து நிற்பவர், சட்டத்தில் வென்றும் வீட்டை இழக்கக்கூடும்.

வாடகையை நிறுத்தாமல் முழுவதும் கட்டி வந்தவருக்கும் வழி உண்டு என்பதை வெர்மான்ட் மாநில உச்ச நீதிமன்றத்தின் 1984ஆம் ஆண்டுத் தீர்ப்பு காட்டியது. ஹில்டர் எதிர் செயின்ட் பீட்டர் என்ற அந்த வழக்கில், மூன்று பிள்ளைகளோடும் பச்சிளம் பேரக்குழந்தையோடும் மாதம் 140 டாலர் வாடகைக்குக் குடியேறிய ஒரு தாய், சமையலறைச் சன்னல் உடைந்திருப்பதையும் வாசல் கதவுக்குச் சாவி இல்லாததையும் கண்டார். கழிப்பறை அடைபட்டிருந்ததால் வாளியில் நீர் கொண்டு வந்து ஊற்ற வேண்டியிருந்தது. மேலிருந்து நீர் கசிந்து கூரைப் பூச்சு உதிர்ந்து விழுந்தது. சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் வீசியது. உரிமையாளர் சொன்ன வாக்குறுதிகளை நம்பி அவர் வாடகையை நிறுத்தாமல் கட்டினார். அவர் கட்டிய 3,445 டாலர் வாடகை முழுவதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கீழமை நீதிமன்றத்தின் தீர்ப்பை மாநில உச்ச நீதிமன்றம் ஏற்றது. பயத்தாலோ நேர்மையாலோ வாடகையைக் கட்டிக்கொண்டே இருந்தவரை, கட்டியதைக் காரணம் காட்டிச் சட்டம் கைவிடக் கூடாது.

பரவியதும் எட்டாததும்

1972இல் மாநிலங்களுக்கான மாதிரிச் சட்டமாக வெளிவந்த சீரான குடியிருப்பு வாடகைச் சட்டம் இந்தக் கொள்கையை உள்வாங்கியது. 1974இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் கிரீன் வழக்கில் அதை ஏற்றது. பெரும்பாலான மாநிலங்கள் அந்த வழியில் சென்றன. ஆர்கன்சா மட்டும் நெடுங்காலம் விலகியே நின்றது. இங்கிலாந்தில், மனிதர் வசிக்கத் தகுந்த நிலையை வாடகை ஒப்பந்தத்தின் பகுதியாக்கி, வாடகைதாரரே நேரடியாக வழக்குத் தொடுக்க வழிசெய்த 2018ஆம் ஆண்டுச் சட்டம், 2019 மார்ச் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. ஸ்மித் எதிர் மாரபிள் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் 175 ஆண்டுகள்.

ஆனால் அரசியலமைப்பின் வழியில் இந்த உரிமை முன்னேறவில்லை. 1972இல் லிண்ட்சே எதிர் நார்மெட் வழக்கில், குறிப்பிட்ட தரமுள்ள வீட்டுக்கான உரிமையை அரசியலமைப்பு தரவில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறி, வெளியேற்ற வழக்கில் வீட்டின் நிலையைப் பேசவிடாத ஒரிகன் மாநில நடைமுறையை அனுமதித்தது. மேல்முறையீடு செய்ய விரும்பும் வாடகைதாரர், வழக்கு முடியும்வரை சேரக்கூடிய வாடகையைப் போல் இரு மடங்குக்குப் பிணை கட்ட வேண்டும் என்ற விதியை மட்டும் அது நீக்கியது. ஆகவே இந்தப் பாதுகாப்பு அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பொறுத்தே இன்றும் நிற்கிறது.

பழுதுபார்க்கும் செலவை உரிமையாளர்கள் வாடகையில் ஏற்றுவார்கள், இல்லையேல் கட்டடத்தையே கைவிடுவார்கள், இரண்டிலும் ஏழைகளே பாதிக்கப்படுவார்கள் என்று பொருளியல் நோக்கில் எழுந்த விமர்சனம் புறந்தள்ளக்கூடியதன்று. மலிவான வீடுகள் போதிய அளவில் இல்லாத நகரத்தில் இந்தத் தீர்ப்பு புதிய வீடுகளைக் கட்டித் தராது. ஆனால் அந்த விமர்சனம், கிளிஃப்டன் டெரஸில் இருந்தவர்கள் ஏற்கெனவே முழு வாடகை கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை எளிதாக மறந்துவிடுகிறது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. வெளியேற்ற நீதிமன்றங்களில் உரிமையாளர் தரப்பில் வழக்கறிஞர் நிற்பதும், வாடகைதாரர் தனியாக நிற்பதும் வழக்கமாகிவிட்டது. கிளிஃப்டன் டெரஸ் வாடகைதாரர்களுக்கு ஏழைகளுக்கான சட்ட உதவித் திட்டத்தின் வழக்கறிஞர்கள் கிடைத்தார்கள். அவர்கள் இல்லாமல் இந்த எதிர்வாதம் பதிவேட்டிலேயே ஏறியிருக்காது. தனியாக நிற்பவர் வாடகை கட்டவில்லை என்று ஒப்புக்கொண்டு, கூடத்திலேயே ஒரு சமரசப் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டு, உத்தரவாதம் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே வெளியேறுகிறார். நியூயார்க் நகரம் 2017இல், வருமானம் குறைந்த வாடகைதாரர்களுக்கு வெளியேற்ற வழக்குகளில் வழக்கறிஞரை ஏற்பாடு செய்யும் சட்டத்தை அமெரிக்க நகரங்களில் முதன்முதலாக இயற்றியது. சான் பிரான்சிஸ்கோ உள்ளிட்ட வேறு சில நகரங்களும் அதைத் தொடர்ந்தன.

வழக்கறிஞர் கிடைத்தாலும் நீங்காத ஒரு தடையும் உண்டு. வழக்குப் பதிவானது என்ற செய்தியே, வாடகைதாரர்களின் பின்னணியைத் திரட்டி விற்கும் நிறுவனங்களின் அறிக்கையில் ஏறி, அவர் அடுத்து வீடு தேடும்போது எதிரே வந்து நிற்கிறது; அவர் வென்றாரா, தோற்றாரா என்பதைப் பல உரிமையாளர்கள் பார்ப்பதில்லை. கலிஃபோர்னியாவில் 2017 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, வழக்குத் தொடுத்த 60 நாள்களுக்குள் உரிமையாளர் வெல்லாவிட்டால், அந்த வழக்கின் பதிவு பொதுப் பார்வைக்கு வராமல் மூடியே வைக்கப்படுகிறது. ஒழுகும் கூரையைப் பற்றி வாய் திறந்தால் அடுத்த வீடு கிடைக்காது என்ற அச்சம் இருக்கும் இடங்களிலெல்லாம், 1970ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு அடுத்தபடியாக வர வேண்டிய சட்டம் இதுவே.